மவுஸைத் தொடாமல் ஓர் அளிக்கை: பவர்பொயின்ட் குறுக்குவிசைகளுடன் ஒரு செய்முறைப் பதிவு

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியின் குடியிருப்பாளர் கூட்டத்திற்காக, மழைக்காலத்துக்கு முன் செய்யவேண்டிய துப்புரவுப் பணிகளையும் நுளம்பு ஒழிப்பையும் விளக்கும் அளிக்கை ஒன்றைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் தரப்பட்டது. இருபது ஸ்லைடுகள், அவை ஒவ்வொன்றும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் இருக்கவேண்டும் என்பது ஏற்பாடு. வேலையைத் தொடங்கிய நேரத்தில் என் மடிக்கணினியின் டச்பேட் செயலிழந்துவிட்டது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்குக் கொண்டுபோய்க் காட்டியபோது, அந்த மொடலுக்குரிய பாகத்தைத் தருவிக்கவேண்டும் என்றும், அதுவரை விசைப்பலகையைப் பயன்படுத்துவதில் தடையில்லை என்றும் சொன்னார்கள்.

அங்கேயே ஒரு மவுஸை வாங்கியிருக்கலாம். வாங்காமல் விட்டதற்குக் காரணம் கூட்டம் நடக்கும் இடம்தான். அங்குள்ள பேச்சாளர் மேசை சரிவானது. மடிக்கணினியை வைத்தபின் மவுஸை நகர்த்துவதற்கு ஒரு சாண் இடம்கூட மிஞ்சாது. கூட்டத்தில் மவுஸ் உதவாது என்பது உறுதியாகத் தெரிந்திருக்கும்போது, தயாரிப்பு வேலையிலும் அதை விலக்கிவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி ஸ்லைட் வரை விசைகளாலேயே முடித்துவிட்டால் கை தானாகவே பழகிவிடும் என்று எண்ணினேன். அந்த வேலையில் எனக்குப் பயன்பட்டவற்றை, பயன்பட்ட ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸில் இயங்கும் பவர்பொயின்ட் 2016 பதிப்பு. வேறு மென்பொருள்கள் பற்றிய குறிப்புகளைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

குறுக்குவிசைப் பட்டியல்கள் பலவற்றை அச்சிட்டு மேசையில் ஒட்டிவைத்திருப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பட்டியல்கள் மனத்தில் தங்காமற்போவதற்குக் காரணம் அவற்றின் நீளம் அன்று. பவர்பொயின்டுக்கு இரண்டு நிலைகள் இருக்கின்றன என்பதை அவை தெளிவாகச் சொல்லாமல் விடுவதே காரணம் என்பது என் கருத்து. ஸ்லைடுகளைத் தயாரிக்கும்போது இருப்பது தொகுக்கும் நிலை. திரை முழுவதையும் நிரப்பி அவற்றைக் காட்டும்போது இருப்பது காட்டும் நிலை. ஒரே விசைச் சேர்க்கை இந்த இரண்டு நிலைகளிலும் முற்றிலும் வேறான வேலைகளைச் செய்கிறது. கொன்ட்ரோல்+எம் தொகுக்கும் நிலையில் புதிய ஸ்லைட் ஒன்றைச் சேர்க்கும். காட்டும் நிலையில் பேனாவால் வரைந்த கோடுகளை மறைக்கும் அல்லது மீண்டும் காட்டும். கொன்ட்ரோல்+எல் முதலாவதில் எழுத்தை இடப்பக்கமாக ஒழுங்குபடுத்தும். இரண்டாவதில் காட்டியை லேசர் ஒளிப்புள்ளியாக மாற்றும். கொன்ட்ரோல்+இ எழுத்தை நடுவே நிறுத்துவது ஓரிடத்தில், அழிப்பானைக் கையில் தருவது மற்றோரிடத்தில். கொன்ட்ரோல்+ஏ, கொன்ட்ரோல்+எச், கொன்ட்ரோல்+எஸ் ஆகியவையும் அப்படியே: எல்லாவற்றையும் தெரிவுசெய்தல், தேடி மாற்றுதல், சேமித்தல் என்று நமக்குப் பழகிப்போன இம்மூன்றும், காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது முறையே காட்டியை அம்புக்குறியாக்கவும், காட்டியை மறைக்கவும், எல்லா ஸ்லைடுகளின் தலைப்புப் பட்டியலைத் திறக்கவும் பயன்படுகின்றன. ஆகவே நான் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கத்தில் தொகுக்கும் நிலைக்குரியவற்றையும் வலப்பக்கத்தில் காட்டும் நிலைக்குரியவற்றையும் தனித்தனியே எழுதினேன். அப்படிப் பிரித்த பிறகு குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிட்டது.

தொகுக்கும் நிலையில் முதலில் கைகொடுத்தது எஃப்6 விசை. இடப்பக்கத்துச் சிறுபடப் பட்டை, நடுவிலுள்ள ஸ்லைட், கீழேயுள்ள குறிப்புப் பகுதி, மேலேயுள்ள கட்டளைப் பட்டை ஆகியவற்றுக்கிடையே மாறிமாறிச் செல்ல அதுவே வழி. மவுஸ் இல்லாதவருக்கு இது தெரியாவிட்டால் வேறு எதுவும் தெரிந்து பயனில்லை. எந்தப் பகுதியில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தே மற்ற விசைகள் எல்லாம் வேலை செய்கின்றன.

உள்ளடக்கத்தை ஸ்லைடுகளில் ஒவ்வொன்றாக எழுதுவதை விட்டுவிட்டு, கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+டெப் அழுத்திச் சிறுபடப் பட்டையைச் சுருக்கக் குறிப்பு வடிவத்துக்கு மாற்றிக்கொண்டு அங்கேயே எழுதினேன். இந்த வடிவத்தில் தலைப்பை எழுதி என்டரை அழுத்தினால் அடுத்த ஸ்லைட் பிறக்கும். டெப்பை அழுத்தினால் அந்த வரி முந்திய ஸ்லைடின் உள்வரியாக இறங்கும். ஷிஃப்ட்+டெப் அதைத் திரும்பவும் மேலேற்றும். தலைப்பில் நிற்கும்போது கொன்ட்ரோல்+என்டர் நேரடியாக உடற்பகுதிக்குக் கொண்டுபோகும். உடற்பகுதியில் நின்று அதே விசைகளை அழுத்தினால் புதிய ஸ்லைட் ஒன்று தோன்றும். தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடி வடிகால், பூச்சாடித் தட்டு, குளிரூட்டிகளிலிருந்து வடியும் நீர், குப்பை அறை எனத் தலைப்புகள் யாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, பின்னர் திரும்பி வந்து உள்வரிகளை நிரப்பினேன். முதலில் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு: எது எதற்கு முன் வரவேண்டும் என்பது எழுத்தலங்காரம் எதுவும் கண்ணை மறைக்காமல் தெளிவாகத் தெரிகிறது. ஆல்ட்+ஷிஃப்ட்+1 எல்லா உள்வரிகளையும் மடக்கித் தலைப்புகளை மட்டும் விடும்; அந்த நிலையில் ஆல்ட்+ஷிஃப்டுடன் மேல் அல்லது கீழ் அம்புக்குறியை அழுத்த, முழு ஸ்லைடும் இடம் மாறும். மடக்கியதை விரிப்பதற்கு ஆல்ட்+ஷிஃப்டுடன் கூட்டல் குறி.

தமிழில் எழுதுபவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். விண்டோஸில் இடப்பக்க ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து விசைப்பலகையின் மொழியை மாற்றும் சேர்க்கையாகவும் இருப்பதால், அம்புக்குறியை அழுத்துவதற்கு முன் விரல்களை எடுத்துவிட்டால் வரி நகராது, மொழி மாறிவிடும். அடுத்து எழுதும் சொல் வேறு எழுத்தில் வந்து விழும். அதனால் மொழி மாற்றத்துக்கு விண்டோஸ் விசை+ஸ்பேஸ் என்ற சேர்க்கையை மட்டுமே பயன்படுத்துவது என்று வைத்துக்கொண்டேன். அது திரையின் ஓரத்தில் எந்த மொழி தெரிவாகியிருக்கிறது என்பதையும் காட்டுகிறது. மூன்று மொழிகளில் வேலை செய்பவருக்கு இந்தக் காட்சி மிகவும் தேவை.

எழுத்துரு பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கொழும்பில் இன்றும் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து பழகியவர்கள் நிறையப்பேர். குடியிருப்பாளர் சங்கத்தின் பழைய அறிவித்தல்கள் எல்லாம் பாமினியிலேயே இருந்தன. அவற்றிலிருந்து வரிகளைப் பிரதியெடுத்து ஒட்டினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ரோமன் எழுத்துகளாகவே தெரியும். எழுத்துருவின் பெயரை மட்டும் மாற்றுவதால் இது சரியாகாது. உள்ளே பதிந்திருப்பவை உண்மையில் ரோமன் எழுத்துகளே ஆதலால், மாற்றிச் செயலி ஒன்றின் மூலம் யுனிகோடுக்குக் கொண்டுவந்த பின்னரே ஒட்டவேண்டும். விண்டோஸுடன் வரும் நிர்மலா யூஐ எழுத்துருவில் தமிழும் சிங்களமும் இரண்டுமே இருப்பதால், அளிக்கை முழுவதையும் அந்த ஒரே எழுத்துருவில் அமைத்தேன். கூட்டம் நடக்கும் இடத்தில் வேறு கணினி தந்தாலும் எழுத்துகள் சிதையா என்ற உறுதி அதனால் கிடைத்தது.

எழுத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கொன்ட்ரோலுடன் வலது, இடது சதுர அடைப்புக்குறி விசைகள். ஆங்கிலத்தில் ஒரு வரியில் அடங்கும் செய்தி தமிழில் பெரும்பாலும் ஒன்றரை வரியைப் பிடிக்கும். அதற்காக எழுத்தைச் சிறுப்பிப்பது பின்வரிசையில் இருக்கும் முதியவர்களுக்குச் செய்யும் அநியாயம். நான் 28 புள்ளிக்குக் கீழே இறங்குவதில்லை. இடம் போதாவிட்டால் சொற்களைத்தான் குறைப்பேன். குறிப்புவட்டம் எதுவும் சேராமல் அடுத்த வரிக்குப் போக ஷிஃப்ட்+என்டர்; நீளமான தமிழ்ச் சொற்கள் இசகுபிசகான இடத்தில் உடையும்போது இது அடிக்கடி வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றும் ஷிஃப்ட்+எஃப்3 தமிழுக்கும் சிங்களத்துக்கும் வேண்டியதில்லை. தாளில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

படங்களையும் பெட்டிகளையும் கையாள்வதுதான் மவுஸ் இல்லாமல் கடினமாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்த பகுதி. உண்மையில் அதுவே எல்லாவற்றிலும் துல்லியமாக முடிந்த பகுதியாக அமைந்தது. எழுதிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து எஸ்கேப்பை அழுத்தி வெளியே வந்தால், பெட்டியே தெரிவாகி நிற்கும். டெப் அழுத்த அழுத்த அந்த ஸ்லைடிலுள்ள பொருள்கள் ஒவ்வொன்றாகத் தெரிவாகும். எஃப்2 மீண்டும் எழுத்துக்குள் கொண்டுபோகும். அம்புக்குறி பொருளை நகர்த்தும்; கொன்ட்ரோலுடன் அம்புக்குறி மிகச் சிறிய அளவில் நகர்த்தும்; ஷிஃப்டுடன் அம்புக்குறி அதன் அகலத்தையும் உயரத்தையும் மாற்றும்; ஆல்ட்டுடன் இட, வல அம்புக்குறி 15 பாகையாகச் சுழற்றும். கையால் இழுக்கும்போது வரும் தடுமாற்றம் இங்கே இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் பொருள்களில் வேண்டியதைப் பிடிக்க ஆல்ட்+எஃப்10. அது திறக்கும் பட்டியலில் எல்லாப் பொருள்களும் பெயரோடு இருக்கும்.

கொன்ட்ரோல்+டி எவ்வளவு ஆழமான விசை என்பதை இந்த வேலையில்தான் உணர்ந்தேன். ஒரு பொருளைத் தெரிவுசெய்து அதை அழுத்தினால் ஒரு நகல் வரும். அந்த நகலை வேண்டிய இடத்துக்கு நகர்த்திவிட்டு, தெரிவை விடாமல் மறுபடியும் கொன்ட்ரோல்+டியை அழுத்தினால், அடுத்த நகல் அதே இடைவெளியில் தானாக வந்து அமரும். எங்கள் கட்டடத்தின் மாடிகளைக் காட்டும் வரைபடத்தை ஒரு செவ்வகத்தில் தொடங்கி இப்படியே எழுப்பினேன். ஒழுங்கு தவறிய பெட்டிகளை நேராக்க ஆல்ட்டைத் தட்டிவிட்டு எச், ஜி, ஏ என்ற எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தவேண்டும். கடைசியாக எல் கொடுத்தால் எல்லாம் இடப்பக்கமாக ஒழுங்காகும், எம் கொடுத்தால் கிடைவரிசையில் நடுவே ஒழுங்காகும், வி கொடுத்தால் மேலிருந்து கீழாகச் சம இடைவெளியில் பரவும். இந்த எழுத்துகளை மனனம் செய்யத் தேவையில்லை. ஆல்ட்டைத் தட்டியதும் ஒவ்வொரு கட்டளைக்கும் மேலே அதற்குரிய எழுத்து தோன்றும்; கண் பார்த்து விரல் அழுத்தலாம். அடிக்கடி வேண்டியவற்றை மேல் மூலையிலுள்ள விரைவுப் பட்டையில் சேர்த்துவிட்டால் ஆல்ட்+1, ஆல்ட்+2 என்று இரண்டு விசைகளில் முடிந்துவிடும். நான் இடப்பக்க ஒழுங்கையும் சம இடைவெளிக் கட்டளையையும் அங்கே வைத்திருக்கிறேன். ஒரு பெட்டியின் நிறத்தையும் எழுத்தமைப்பையும் மற்றொன்றுக்குக் கடத்த, என் பதிப்பில், கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+சியும் பின்னர் கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+வியும்.

பேசும்போது படத்தின் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டுவது எப்படி என்பது அடுத்து வந்த கேள்வி. பவர்பொயின்டின் பேனாவும் லேசர் ஒளிப்புள்ளியும் மவுஸோ தொடுதிரையோ இல்லாமல் நகராதவை. அவற்றை முற்றாக ஒதுக்கிவிட்டு, சுட்டிக்காட்டலை ஸ்லைடுகளுக்குள்ளேயே கட்டிவிட்டேன். மொட்டைமாடியின் படம் உள்ள ஸ்லைடைச் சிறுபடப் பட்டையில் தெரிவுசெய்து கொன்ட்ரோல்+டியால் நகலெடுத்து, நகலில் அடைபட்ட வடிகாலைச் சுற்றி ஒரு சிவப்புச் சட்டத்தை வைத்தேன்; இன்னொரு நகலில் அதே சட்டம் பழைய டயரைச் சுற்றி நிற்கும். புதிய சட்டத்தைச் செருகுவதற்கு ஆல்ட், என், எஸ், எச் என்று அழுத்தி, திறக்கும் உருவங்களிடையே அம்புக்குறியால் செவ்வகத்தை அடைந்து கொன்ட்ரோல்+என்டர் கொடுத்தால் போதும்; பிறகு ஷிஃப்டும் அம்புக்குறியும் அதை வேண்டிய அளவுக்குக் கொண்டுவரும். காட்டும்போது பேஜ் டவுனை அழுத்த, படம் அசையாமல் சட்டம் மட்டும் நகர்வதுபோலத் தெரியும். நடுங்கும் ஒளிப்புள்ளியைவிட இது பார்ப்பவர்களுக்குத் தெளிவானது என்பது என் உறுதியான எண்ணம். மவுஸ் இருந்தாலும் இனி இதைத்தான் செய்வேன்.

இந்த நகல்கள் உட்படத் தமிழ் ஸ்லைடுகள் சரியாக இருபது என்று முடிவான பின்னரே மொழிபெயர்ப்பு வேலைக்குப் போனேன். சிறுபடப் பட்டையில் கொன்ட்ரோல்+ஏயால் இருபதையும் தெரிவுசெய்து, கொன்ட்ரோல்+டியை இருமுறை அழுத்த, அறுபது ஸ்லைடுகள் ஆகின. 1 முதல் 20 வரை தமிழ், 21 முதல் 40 வரை சிங்களம், 41 முதல் 60 வரை ஆங்கிலம். சிங்களப் பகுதியை மூன்றாம் மாடியில் இருக்கும் அயலவர் ஒருவர் விஜேசேகர விசையமைப்பில் தாமே தட்டச்சுச் செய்து தந்தார். ஆங்கிலத்தை நான் எழுதினேன். பின்னர் 21ஆவதில் நின்று ஷிஃப்டுடன் கீழ் அம்புக்குறியால் கடைசி வரை தெரிவுசெய்து, ஆல்ட், எஸ், எச் என்று அழுத்தி அந்த நாற்பதையும் மறைத்துவைத்தேன். மறைக்கப்பட்ட ஸ்லைட் வரிசையாக முன்னேறும்போது வராது. ஆனால் காட்டும் நிலையில் அதன் எண்ணைத் தட்டி என்டரை அழுத்தினால் வந்துவிடும். இதனால் கூட்டத்தில் செய்யவேண்டிய கணக்கு ஒன்றே ஒன்றாகிவிட்டது: சிங்களத்துக்கு இருபதைக் கூட்டு, ஆங்கிலத்துக்கு நாற்பதைக் கூட்டு. ஏழாவது ஸ்லைடைப் பற்றிப் பேசும்போது சிங்களத்தில் கேள்வி எழுந்தால் 27, என்டர். திரும்பி வர 7, என்டர். மறைத்த பகுதிக்குள் இருக்கும்போது அம்புக்குறியால் முன்னேறாமல், எண்ணைத் தட்டியே போய் எண்ணைத் தட்டியே திரும்புவது என்று ஒழுங்கு வைத்துக்கொண்டேன்.

கொழும்பில் மும்மொழி அளிக்கைகள் பலவற்றில் ஒரே ஸ்லைடில் மூன்று மொழிகளையும் அடுக்கி, மூன்றையும் வாசிக்க முடியாத அளவுக்குச் சிறுப்பித்திருப்பதைப் பார்க்கிறோம். எல்லோருக்கும் இடம் கொடுக்கவேண்டும் என்ற நல்ல நோக்கம்தான் அதற்குக் காரணம்; ஆனால் எண்ணும் என்டரும் தெரிந்துவிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் முழுத் திரையையும் கொடுக்கலாம்.

காட்டும் நிலைக்குரிய ஒத்திகையை வீட்டிலேயே செய்தேன். எஃப்5 முதல் ஸ்லைடிலிருந்து தொடங்கும். ஷிஃப்ட்+எஃப்5 இப்போது நிற்கும் ஸ்லைடிலிருந்து தொடங்கும். ஆல்ட்+எஃப்5 இரண்டாவது திரை இணைக்கப்படாதிருந்தாலும் பேச்சாளருக்குரிய காட்சியைத் திறந்து, குறிப்புகளையும் அடுத்த ஸ்லைடையும் காட்டும் என்பதால் ஒத்திகைக்கு அதுவே பொருத்தமானது. பல மடிக்கணினிகளில் எஃப் வரிசை விசைகள் ஒலி, வெளிச்சம் போன்றவற்றுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், எஃப்5 அழுத்தியும் காட்சி தொடங்காமற்போகலாம். எஃப்என் விசையுடன் சேர்த்து அழுத்தவேண்டும். அவற்றில் பலவற்றில் எஃப்என்+எஸ்கேப் இந்த ஒதுக்கீட்டை நிரந்தரமாக மாற்றிவிடும். இதை வீட்டிலேயே பார்த்துவைப்பது நல்லது.

தொடங்குவதற்கு முன் விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றிவிடவேண்டும் என்பதையும் தாளின் வலப்பக்கத்தில் முதல் வரியாக எழுதினேன். காட்டும் நிலையின் விசைகள் பல தனி ஆங்கில எழுத்துகள். தமிழ் விசையமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும்போது அவற்றை நம்பியிருக்க முடியாது.

அந்தத் தனி விசைகளுள் நான் மிக உயர்வாக மதிப்பது திரையைக் கறுப்பாக்கும் விசை. பிளாக் என்ற சொல்லின் முதலெழுத்தை அழுத்தலாம். முற்றுப்புள்ளியை அழுத்தினாலும் அதுவே நடக்கும். மீண்டும் ஒருமுறை அழுத்தினால் விட்ட இடத்திலேயே ஸ்லைட் திரும்பி வரும். திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும்வரை மக்களின் கண் அதைவிட்டு அகலாது. எதிரே ஒருவர் எழுந்து நின்று தன் வீட்டுக் குறையைச் சொல்லும்போதும், பாதிப்பேர் திரையிலுள்ள படத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். திரையை இருட்டாக்கியவுடன் எல்லா முகங்களும் பேசுபவரை நோக்கித் திரும்புவதைக் கூட்டத்தில் கண்டேன். குப்பை அறை பற்றிய விவாதம் முழுவதும் இருண்ட திரையின் முன்னால்தான் நடந்தது. அது முடிந்தபின் ஒரே விசையில் மீண்டும் ஸ்லைடுக்கு வந்தோம். டபிள்யூ அல்லது காற்புள்ளி திரையை வெண்மையாக்கும். அது மங்கிய மண்டபத்துக்குச் சிறிது வெளிச்சம் தரும் என்பதைத் தவிர எனக்கு வேறு பயன் தெரியவில்லை.

முதல் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "தம்பி, அந்தத் தொட்டிப் படத்தை இன்னொருக்கால் காட்டுங்கோ" என்று கேட்டார். எந்த எண் என்று உடனே நினைவுக்கு வராதபோது உதவுவது ஜி விசை: எல்லா ஸ்லைடுகளும் சிறுபடங்களாகப் பரவும், அம்புக்குறியால் வேண்டியதை அடைந்து என்டர் கொடுக்கலாம். ஆனால் அறுபது சிறுபடங்கள் திரையில் பரவுவது பார்ப்பவர்களின் கவனத்தைக் கலைக்கும். தலைப்புகளையும் எண்களையும் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசையில் வைத்திருந்ததால், 4, என்டர் என்று நேரே போக முடிந்தது.

பூச்சாடித் தட்டில் நெளியும் நுளம்புக் குடம்பிகளை அயலவர் ஒருவர் தொலைபேசியில் எடுத்த சிறு வீடியோ ஒன்றும் அளிக்கையில் இருந்தது. காட்டும் நிலையில் ஆல்ட்டுடன் பிளே என்ற சொல்லின் முதலெழுத்தை அழுத்தினால் அது ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஆல்ட்டுடன் மேல், கீழ் அம்புக்குறிகள்.

கையில் பிடிக்கும் கிளிக்கர் வாங்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். கிளிக்கர் என்பது உண்மையில் மிகச் சிறிய ஒரு விசைப்பலகை. அதன் முன், பின் பொத்தான்கள் பெரும்பாலும் பேஜ் டவுன், பேஜ் அப் ஆகிய விசைகளையே கணினிக்கு அனுப்புகின்றன. அதனால்தான் அது எந்த மென்பொருளிலும் வேலை செய்கிறது. எனக்கு வேண்டியிருந்ததோ எண்களைத் தட்டும் வசதி. ஆகவே கம்பியில்லா எண் விசைத்தட்டு ஒன்றை, பேக்ஸ்பேஸ் விசையும் உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். காட்டும் நிலையில் என்டர் தனியாக அழுத்தப்பட்டால் அடுத்த ஸ்லைட், பேக்ஸ்பேஸ் முந்திய ஸ்லைட், எண்ணும் என்டரும் சேர்ந்தால் வேண்டிய ஸ்லைட். கையடக்கமான அந்தத் தட்டை வைத்துக்கொண்டு, மேசையை விட்டு நகர்ந்து மக்களுக்கு அருகில் நின்று பேச முடிந்தது. திரையை இருட்டாக்கவேண்டிய வேளையில் மட்டும் மடிக்கணினிக்குத் திரும்பினேன். நம்லொக் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். அணைந்திருந்தால் எண் விசைகள் அம்புக்குறிகளாகவும் பேஜ் அப், பேஜ் டவுனாகவும் மாறிவிடும்.

புரொஜெக்டரை இணைத்தபின் படம் வராவிட்டால் விண்டோஸ் விசையுடன் புரொஜெக்டர் என்ற சொல்லின் முதலெழுத்தை அழுத்தவேண்டும். கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், நீட்டிக்கப்பட்ட திரை, இரண்டாவது திரை மட்டும் என நான்கு தெரிவுகள் தோன்றும். அம்புக்குறியால் தெரிவுசெய்து என்டர். பேச்சாளர் குறிப்புகள் தன் திரையில் மட்டும் தெரியவேண்டுமானால் நீட்டிக்கப்பட்ட திரையே வேண்டும். ஏதாவது ஓர் அறிவிப்புச் சாளரம் முன்னால் வந்துவிட்டால் விசைகள் எல்லாம் அந்தச் சாளரத்துக்கே போகும், ஸ்லைட் அசையாது. ஆல்ட்+டெப் அழுத்திக் காட்சியை முன்னுக்குக் கொண்டுவந்தால் சரியாகும்.

2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளைக் கண்டவர்களுக்கு, கூட்டத்தின் நடுவே மின்சாரம் போவது புதிதன்று. மடிக்கணினி மின்கலத்தில் ஓடிக்கொண்டிருக்கும், புரொஜெக்டர் மட்டும் அணையும். மின்சாரம் திரும்பியதும் திரைகளின் ஒழுங்கு மாறியிருக்கலாம். அப்போது எஸ்கேப்பால் காட்சியை முடித்து, விண்டோஸ் விசைச் சேர்க்கையால் திரையைச் சரிசெய்து, ஷிஃப்ட்+எஃப்5 கொடுப்பதே வழி. காட்சியை முடிக்கும்போது கடைசியாகக் காட்டிய ஸ்லைடிலேயே பவர்பொயின்ட் நிற்பதால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எஃப்5 மட்டும் கொடுத்தால் முதல் ஸ்லைடுக்குப் போய்விடும். அப்படிப் போனாலும் எண்ணும் என்டரும் இருக்கின்றன.

மற்ற மென்பொருள்களில் இவற்றுள் எவை செல்லும் என்பதையும் சோதித்தேன். லிப்ரே ஒஃபிஸ் இம்பிரெஸில் எஃப்5, ஷிஃப்ட்+எஃப்5, கறுப்பாக்கும் விசை, எண்ணும் என்டரும் எல்லாம் அப்படியே செல்லும். கூகுள் ஸ்லைட்ஸில் மிகவும் கவனம் தேவை: அது உலாவிக்குள் இயங்குவதால் எஃப்5 தனியாக அழுத்தினால் பக்கம் மீளேற்றப்படும், காட்சி தொடங்காது. அங்கே கொன்ட்ரோல்+எஃப்5 நிற்கும் ஸ்லைடிலிருந்தும், கொன்ட்ரோல்+ஷிஃப்ட்+எஃப்5 முதலிலிருந்தும் தொடங்கும். தொடங்கிய பின் எண்ணும் என்டரும், கறுப்புத் திரையும் பவர்பொயின்டைப் போன்றே. பவர்பொயின்ட் 1987இல் முதன்முதலில் வெளிவந்தது மெக்கின்டொஷ் கணினிக்காகத்தான். இன்றைய மெக்கில் அதன் காட்சியை முதலிலிருந்து தொடங்க கமாண்ட்+ஷிஃப்ட்+ரிட்டர்ன், நிற்கும் ஸ்லைடிலிருந்து தொடங்க கமாண்ட்+ரிட்டர்ன்.

அறுபது ஸ்லைடுகள் கொண்ட கோப்பையும், எண்கள் எழுதிய துண்டுத்தாளின் பிரதியையும் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் யாராவது அதில் ஸ்லைடுகளைச் சேர்ப்பதானால் மூன்று மொழிகளிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே இடத்தில் சேர்க்கவேண்டும். அப்போது கூட்டவேண்டிய எண் இருபதாக இராது, தமிழ் ஸ்லைடுகளின் புதிய எண்ணிக்கையே கூட்டவேண்டிய எண்ணாகும் என்று அந்தத் தாளின் அடியில் எழுதியிருக்கிறேன்.